காரம் இறங்கிய பெட்டி

அன்பு மகளே,

முதலில் இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள். வரி ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்காதே. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் மலைப் பாதையிலேயே வாழ்ந்தவனுடைய கை வேறு எப்படிப் போகும்? உன் அம்மா பென்சிலால் கோடு போட்டுத்தான் தந்தாள். கோடு நேராக இருக்கிறது, நான்தான் அதன்மேல் நிற்க மாட்டேன் என்கிறேன். சில எழுத்து கூடை அளவுக்குப் பெரிதாகிவிட்டது, சிலது கொழுந்து போலச் சுருங்கிக் கிடக்கிறது. 'ழ' வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. நடுக்கம் இல்லை, யோசிக்கிறது. காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்தவன் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் உன் அம்மா சோற்றை வடித்து இறக்கிவிட்டாள். "ஒரு பக்கம் முடிஞ்சிதா, இல்ல இன்னும் அன்பு மகளேயிலதான் நிக்கிறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறாள். எழுதச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

போன கிழமை நீ போனில் கேட்டாய், கல்யாணப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா, ஏதாவது தெரிந்ததா என்று. நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ பயந்திருப்பாய். பயப்பட ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் அது உன் காதில் விழுந்து அப்படியே போய்விடும். இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், தாண்டிப் போகாதே. எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது.

நீ பிறந்த சமயத்தில்தான் ஹாஜியார் அந்தப் பெட்டியைத் தந்தார். கடைவீதியில் எங்கள் சுருட்டுக் கடை முதலாளியை ஹாஜியார் என்று சொன்னால்தான் தெரியும், நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். தூனா மரப் பலகையில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த பெட்டி, மேலும் கீழுமாக இரண்டு தட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதுச் சுருட்டில் தன் கையாலேயே பொறுக்கி அடுக்கி, "இத ஒன்ட மகள்ட கலியாணத் தட்டுக்கு வெச்சிக்கோ, அதுக்குள்ள இதுவும் வயசுக்கு வந்துரும்" என்றார். நம் ஆட்களிடம் கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டில் பாக்கோடு சுருட்டும் வைத்துப் பெரியவர்களிடம் நீட்டுவது வழக்கம் அல்லவா. அந்தச் சுருட்டை வைத்தே பெண் வீட்டை எடை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், அந்த ஹாலிஎலக்காரர், அதில் முதல் ஆள். நிச்சயத்தன்றே, "சுருட்டுக் கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம், தட்டு எப்புடி இருக்கும்னு பாக்கத்தானே போறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நீ உடனே, பற்றவைக்கிறவர்கள் மண்டபத்துக்கு வெளியே போய்த்தான் பற்றவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாய். அதற்கும் அவர் தலையாட்டினார். முகர்ந்து பார்த்தாலே தனக்குப் போதும் என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் பிழைப்பு மூக்கில் இருந்தது என்று உனக்குத் தெரியும். பூனாகலைத் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த காலத்தில் எங்களுக்கு வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி தெரிந்த அளவுக்குப் பள்ளிக்கூட மணி தெரியாது. பதுளைக்கு வந்து கடையில் சேர்ந்தபோது, பெட்டிக்குள் வைத்த ஒவ்வொரு சுருட்டுக் கட்டிலும் எந்த மாதம் வந்தது, எந்த இலை என்று சீட்டு ஒட்டியிருக்கும். மற்றவர்கள் சீட்டை வாசிப்பார்கள், நான் மூடியைத் திறப்பேன். புதுக் கட்டைப் பிரித்தவுடன் முகத்தில் அடிப்பது வாசமே இல்லை, ஆட்டுப் பட்டிக்குள் தலையை விட்டது போல ஒரு குத்தல். கண் ஓரம் நனையும். அதைக் கடையில் 'காரம்' என்போம். பரணில் சில மாதம் கிடந்தால் காரம் மெல்ல இறங்கும். இறங்கிய இடத்தில் முதலில் ஒன்றும் இருக்காது, வெறும் வைக்கோல். அவசரக்காரர்கள் அந்தச் சமயத்தில் பற்றவைத்துப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் இல்லை என்று தூக்கிப் போடுவார்கள். இன்னும் விட்டால் வெயிலில் காய்ந்த மானாப் புல்லின் வாசம் வரும். அதற்கும் பிறகு பனங்கட்டி, காய்ந்த திராட்சை, பாண் சுடுகிற பேக்கரியின் பக்கம் போனது போல ஒன்று. பல வருடம் போனால் மரம் எது இலை எது என்று பிரிக்க முடியாத ஒரு மணம் வரும். அதற்குக் கடையில் பெயர் கிடையாது. ஹாஜியார் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடுவார். அதுதான் அதற்குப் பெயர்.

நீ சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த காலம் நினைவிருக்கிறதா? நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாய். அமோனியா நீரில் கரைந்து காரமாகும், காரம் சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும் என்று நீ படித்ததைக் கேட்டு, அது நம் சுருட்டுக் காரமா என்று நான் கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, இது கெமிஸ்ட்ரி காரம். மிளகாய்க் காரம் இல்ல, சுருட்டுக் காரமும் இல்ல" என்றாய். சொல்லிவிட்டு, சிரிப்பு நின்று, புத்தகத்தை ஒரு தடவை பார்த்தாய், என்னை ஒரு தடவை பார்த்தாய். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டாய், ஆசிரியையிடம் கேட்டு வாங்கிய சின்னச் சின்னக் கடதாசித் துண்டோடு. ஒன்றை நனைத்துப் புதுக் கட்டின் மேல் பிடித்து மூடியைச் சாத்தினாய். திறந்தபோது சிவப்பு, நீலமாக மாறியிருந்தது. இன்னொன்றைப் பழைய கட்டில் வைத்தாய், அது சிவப்பாகவே கிடந்தது. ஹாஜியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மகள், ஒங்க அப்பாட மூக்க நீங்க கடதாசியில செஞ்சிட்டீங்க" என்றார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இலைக்குள் இருக்கும் சத்து புளித்து உடையும்போது அமோனியா பிறக்கிறது, அது லேசானது, மூடியைத் திறக்கத் திறக்கப் பறந்துவிடுகிறது, கனமான வாசனைகள் அவசரப்படாமல் தங்கிவிடுகின்றன என்று நீ எங்களுக்கு விளக்கினாய். இத்தனை வருடம் நான் மூக்கால் பிடித்ததை நீ கண்ணால் பார்க்க வைத்துவிட்டாய். புத்தகத்துக் காரமும் பரணில் இருந்த காரமும் ஒன்றே என்று தெரிந்த அந்த நாளில், எழுதுகிறவர்கள் ஏதோ வேறு உலகத்தில் இல்லை, நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இனி உனக்கு முழுதாகத் தெரியாததை எழுதுகிறேன். இந்த வருடம் எனக்கு வந்த காய்ச்சல் போனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பருப்பு அடிப்பிடித்துக் கருகி, அவள் கண்கட்டோடு உள்ளே இருந்தபடி கத்துகிறாள், நான் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு என்ன என்ன என்று கேட்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. கல்யாண வேலையில் இருக்கிற பிள்ளையிடம் எதற்கு என்று நினைத்தேன். ஹாஜியாருக்குப் பிறகு கடையை நடத்தும் அவர் மகன் அரை நாளாவது வந்துவிட்டுப் போங்கள் என்று இன்னும் என்னை வைத்திருக்கிறார். அங்கே பழைய கட்டு கேட்டவருக்கு நேற்று வந்த கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து, "என்னண்ணே, என்னைய அழ வைக்கணும்னு எத்தன நாளா நெனச்சிருந்தீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், எனக்கு எழுத்துக் கற்றுக்கொடு என்றேன். மூக்கு இல்லையென்றால் சீட்டைத்தானே வாசிக்க வேண்டும்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் படித்தேன் என்று? நீ ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாயே, அப்பா இந்த வயதில் படிக்கிறார் என்று. காரணம் இவ்வளவுதான். ஆனால் மகளே, படிக்க ஆரம்பித்த பிறகு காரணம் மறந்துபோய்விட்டது. பஸ் முன்னால் எழுதியிருப்பது, மருந்துப் போத்தலில் இருப்பது, சவர்க்காரக் கடதாசியில் இருப்பது எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, "ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, சுழிய எண்ணிப் போடுங்க, சும்மா நூல் சுத்துற மாதிரி சுத்தாதீங்க" என்று அதட்டுவாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள் அவள். அவள் வாசிக்கும்போது அது சாதாரணம் என்று நினைத்திருந்தேன். நானே கூட்டி வாசிக்கிறபோதுதான், அவள் எனக்காக எத்தனை பெரிய வேலையைப் பேச்சு வாக்கில் செய்துகொண்டிருந்தாள் என்று புரிந்தது.

ஒரு நாள் கடையில் புதுக் கட்டைத் திறந்தபோது குத்தல் தெரிந்தது. மூக்கு எரிந்தது, கண் நனைந்தது. மூக்கு வந்துவிட்டது என்று நான் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்து கல்யாணப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மரத்துக்குள் முகத்தை வைத்தேன், ஒன்றும் இல்லை. புதுச் சுருட்டு தெரிகிறது, இது தெரியவில்லை என்றால் இது செத்துப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு, நத்தாருக்குச் செய்ற கேக் மாதிரி" என்றாள். சுருட்டை நாற்றம் என்று சொல்லாமல் ஒரு நாளும் பேசாதவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஹாலிஎலக்காரர் தட்டைக் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்வது கண்ணுக்குள் வந்தது. ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் வருத்தம். பெட்டியோடு வாளித் தண்ணீரில் கொட்டி ஊறவைத்து, அவளுடைய தக்காளிச் செடிக்குப் பூச்சி மருந்தாக அடித்துவிடலாம் என்று வாளியை நிரப்பி வைத்துவிட்டேன். நல்ல வேளை, அந்த நேரம் நீ போன் எடுத்தாய். உன் அம்மா பெட்டி விஷயம் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிவிட்டாள். நீ என்னிடம் பெட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்பா, வெங்காயம் உரிச்சா கண்ணு கலங்குதா?"

கலங்குகிறது என்றேன்.

"வெங்காய வாசம் வருதா?"

எத்தனை தரம் வெங்காயம் உரித்தேன், அதை யோசிக்கவே இல்லையே என்று நின்றேன். பிறகு, "வரல பாப்பா" என்றேன்.

அப்போது நீ சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். காரம் வாசனை இல்லை, அது தொடுவது போல; சூடு, குளிர், முள் குத்துவது போல. அதைக் கொண்டுபோகிற நரம்பு வேறு, மணத்தைக் கொண்டுபோகிற நரம்பு வேறு. மணத்தின் வழி அடைபட்டாலும் காரத்தின் வழி திறந்திருக்கும். அதனால்தான் புதுச் சுருட்டு குத்தியது. காரம் எல்லாம் இறங்கி மணம் மட்டும் மிஞ்சிய பெட்டி எனக்கு வெறும் பலகையாக இருந்தது. பெட்டி நன்றாக வயதானதால்தான் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றும் கடையிலிருந்து ஒரு புதியதும் கொழும்புக்கு எடுத்துப் போனாயே, உன் வேலை இடத்தில் வாசனையைப் பிரித்துப் படமாக வரைகிற மெஷினில் போட்டுப் பார்த்ததையும் சொன்னாய். புதியதில் இல்லாத சின்னச் சின்னச் சிகரங்கள் பழையதில் வரிசையாக நின்றனவாம். கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற பொருளின் இனம்தான் புகையிலையிலும் மஞ்சளாக இருக்கிறது, அது வருடக்கணக்கில் மெல்ல உடைந்து மணமாகிறது, அந்த மணத்தில் சிலது தேயிலையிலும் இருக்கிறது என்றாய். தேயிலையிலா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். தேயிலை மலையில் பிறந்து, புகையிலைப் பரணில் வேலை செய்து, இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவை என்று நினைத்திருந்தவன் நான். இவ்வளவு பெரிய செய்தியை நீ பஸ் நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாய்.

காலையில் கராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் இலை என்று ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் வாசனையை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். செய்தேன். உன் அம்மா தட்டில் வரிசையாக வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி நீட்டுவாள். நான் எலுமிச்சை என்பேன், அவள், "அது என் வெரல்" என்பாள். பல நாள் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் கராம்பு, தூரத்தில் யாரோ கூப்பிட்டது போல வந்து போனது. அதோடு சரி. கல்யாணம் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் முகராத சுருட்டைத் தட்டில் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வாசிக்காத கடுதாசியெல்லாம் நான் வாசிச்சேன், நம்பினீங்கதானே? இப்ப நான் மோந்து சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்றாள். பெட்டி தட்டுக்குப் போகும் என்று சொல்லிவிட்டேன். அவள் மூக்கும் உன் மெஷினும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்த பிறகு, பெட்டிக்கு ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதிய சீட்டு, இது ஒன்றாவது என் எழுத்தாக இருக்கட்டும் என்று. 'மகள் திருமணத்துக்கு' என்று எழுதினேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருக்கிறேன் என்று அழிக்கச் சொன்னாள். மறுபடி எழுதி, மூடியின் உள்பக்கம் பசை தடவி ஒட்டக் குனிந்தேன். அப்போது மரம் தெரிந்தது, மகளே. முதலில் தூனா மரம், மழையில் நனைந்த பலகை போல. அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடும் என்று. மரத்துக்குப் பின்னால் இனிப்பாக ஒன்று வந்தது. பனங்கட்டியா என்று பார்த்தேன், இல்லை. பூனாகலைத் தேயிலை பக்டரியில் கொழுந்து வாட வைக்கிற மாடி. பச்சை போய், இனிப்பு ஏறி, காற்றாடி ஓடுகிற அந்த மாடிக்குள் போய் நின்றது போல இருந்தது. நீ சொன்னாயே தேயிலையில் இருப்பதும் இதுதான் என்று. நீ அதைப் படத்தில் பார்த்தாய். நான் அதற்குள் நின்றேன். உன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, கொழுந்து வாடுகிற வாசம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கேக்குதான்" என்றாள். இன்னும் அந்தச் சண்டை முடியவில்லை. நீ மெஷினில் பார்த்து யார் பக்கம் என்று சொல். உன் அம்மா பக்கம் என்றால் மெல்லச் சொல்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது பெட்டிதான். அழுத்தி மூடி வைத்தால் காரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே கிடக்கும். திறந்தே வைத்தால் எண்ணெய் காய்ந்து மணமும் போய்விடும். அவ்வப்போது மூடியைத் தூக்கிக் காற்றாட விட்டு மூட வேண்டும், மழையில்லாத மாதங்களில் நனைத்த ஓட்டுத் துண்டு ஒன்றை மூலையில் வைக்க வேண்டும். புது வீட்டில் முதலில் குத்துவது முழுக்கவும் அந்த வீடு இல்லை, அது சீக்கிரம் பறக்கிற பங்கு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாதது போல ஒரு காலம் வரும், அதில் அவசரப்பட்டு ஒன்றும் முடிவு செய்யாதே. இதை எழுதும்போது உன் அம்மா தோளுக்கு மேலாக வாசித்துவிட்டு, "நம்ம வீட்டுல இன்னும் எறங்கலன்னும் சேத்து எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். இன்னொன்று, இது உன்னிடமே கற்றது. மாப்பிள்ளை நல்ல பையன், எதைக் கேட்டாலும் சரி சரி என்கிற பையன். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்கிறவரிடம் நேரடியாகக் கேட்டால் உண்மை வராது, வெங்காயத்தைக் கேள். நீ என்னைக் கேட்டது போலக் கேள். அன்று நீ கேட்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. நீ திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு வெங்காயத்தை வைத்து, நான் உன்னிடம் மறைத்ததையும் என்னிடமே மறைத்ததையும் எடுத்துவிட்டாய்.

கை வலிக்கிறது, வரியும் இப்போது பள்ளத்தில் இறங்குகிறது. பெட்டியின் மேல் தட்டு மட்டும்தான் திறந்திருக்கிறேன். கீழ்த் தட்டு ஹாஜியார் அடுக்கியபடியே கிடக்கிறது, மரத்துக்கு இன்னும் நெருக்கமாக. அதை வருகிற கிழமை திறப்பேன். அது கேக்கா, கொழுந்தா, இல்லை இன்னும் பெயரே இல்லாத ஒன்றா என்று எழுதுகிறேன், சுழியை எண்ணி, கோட்டின்மேல் நின்று. அதுவரைக்கும் போன் எடுத்துக் கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா